வகுப்பில் படிக்க எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஒன்றில் வேலை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளோடு நூலக பீரோவின் சாவியும் என் கையில் இருப்பதால், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போனால் டீ நேரத்தில் யாராவது ஒருவர் புத்தகம் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. கேட்பவர்தான் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டு அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைக்கிறேன். தொடக்க, நடுநிலை வகுப்புகளின் தமிழ் வாசிப்பை மனதில் வைத்து எழுதியது, ஆங்கிலப் புத்தகத்துக்கு இதில் பாதி பொருந்தாது.

1. பாடப்புத்தகத்தை முடிக்கவே நேரமில்ல, இதுல வேற புத்தகம் எதுக்கு?

பாடப்புத்தகம் வகுப்புக்கு ஒன்றுதான். சிலருக்கு அது சரியாக இருக்கும், சிலருக்கு எட்டாது, சிலருக்கு ஜூலை மாதத்திலேயே சப்பென்று ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பாடத்தை நாம் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பதில் காதால் கேட்டே மனப்பாடம் ஆகிவிடுகிறது. விரல் மூன்றாவது வரியில் இருக்கும், வாய் ஐந்தாவது வரியில் போய்க்கொண்டிருக்கும், நாமும் 'நன்றாக வாசிக்கிறான்' என்று எழுதிவிடுவோம். இதுவரை கண்ணில் படாத ஒரு பக்கத்தைக் கொடுத்தால்தான் நிஜம் தெரியும்.

நேரம் என்று பார்த்தால் நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் சொக்கி விழும் முதல் பீரியடில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் பாடம் நடத்தினாலும் யார் காதில் விழுகிறது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே நாளிதழ், பத்திரிகை, கதைப்புத்தகம் எல்லாம் உள்ள நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்றிருக்கிறது. ஆக, இது நம் தலையில் யாரோ புதிதாகக் கட்டிய வேலையும் இல்லை.

2. ஒரு புள்ளைக்கு எந்தப் புத்தகம் சரியா இருக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. கீழே வரும் பாதிப் பதில்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

எம்மெட் பெட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் ஒரு கணக்குச் சொன்னார். நூறு சொல்லில் 99 சரியாக வந்தால் பிள்ளை தானாகவே படித்துக்கொள்ளும், 95 வந்தால் ஆசிரியர் துணை இருந்தால் போதும், 90-க்குக் கீழே போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நான் ஐம்பது சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் தமிழில் ஒரு சொல்லே மூன்று நான்கு சொல்லின் நீளத்துக்குப் போகும், நூறு சொல் வாசிப்பதற்குள் சின்னப் பிள்ளை களைத்துவிடும். ஐம்பதில் இரண்டு மூன்று இடறல் இருந்தால் பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் முகம் சுளிக்காமல் 'இதை அப்புறம் பார்ப்போம்' என்று வாங்கிவைத்துவிட்டு வேறொன்றைக் கொடுப்பேன்.

எதை இடறல் என்று எண்ணுவது என்பதில்தான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். 'வந்துவிட்டான்' என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை 'வந்துட்டான்' என்று வாசித்தால் அது தவறே இல்லை, புரிந்து வாசிக்கிறது என்பதற்குச் சாட்சி. தப்பாக வாசித்துவிட்டுத் தானே திரும்பி வந்து திருத்திக்கொண்டால் அதையும் எண்ணாதீர்கள். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒரு சொல்லை முடித்துவிட்டு, என்ன சொன்னோம் என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கிறதே, அதைத்தான் எண்ண வேண்டும். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு 'என்ன நடந்துச்சு?' என்று மட்டும் கேளுங்கள். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்துவிட்டு இதற்குப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

3. அட்டையிலேயே 'வயது 6–8'னு போட்டிருக்கே, அதைப் பார்த்துக் கொடுத்தா போதாதா?

அது பதிப்பகத்தின் உத்தேசம். விற்பவருக்கு உங்கள் வகுப்பு தெரியாது. படத்தையும் கதையின் விஷயத்தையும் பொறுத்தவரை வயது உதவும், வாசிப்புத் திறனுக்கு உதவாது.

வயதைவிட நிலை பரவாயில்லை. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த சின்னப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று போட்டிருக்கும் (பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு, 'நீ நட' என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொள்வதில்லை). இணையத்தில் இருக்கும் இலவசக் கதைத்தளமான ஸ்டோரிவீவரில் நான்கு நிலைகள்: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். ஆனால் சொல்லை எண்ணினால் மட்டும் தமிழுக்குப் போதாது, அது ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். நிலை என்பது எந்த அடுக்கில் கை வைப்பது என்பதற்கு, அந்த அடுக்கில் எந்தப் புத்தகம் என்பதை 2-ஆவது பதிலில் சொன்ன மாதிரி கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. எழுத்து பெருசா, வரி கம்மியா, படம் நிறைய இருந்தா அது ஈஸியான புத்தகம்தானே?

பார்க்க ஈஸி. நம் 247 எழுத்தும் தெரிந்த பிள்ளை எதையும் வாசித்துவிடும் என்று நினைக்கிறோம். 'வந்துகொண்டிருந்தபோதெல்லாம்' என்பதில் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றாம் வகுப்பு எழுத்துதான். ஆனால் பதினான்கு எழுத்து இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கிறது, கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். ஆகவே புத்தகத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சொல்லின் நீளம். பிரித்து எழுதினாலும் பொருள் கெடாத இடத்தில் பிரித்து எழுதியிருக்கிறார்களா, வரி முடியும் இடத்தில் சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். 'படித்துக்' என்று ஒரு வரியும் 'கொண்டிருந்தாள்' என்று அடுத்த வரியும் வந்தால் பெரியவர்கள் கவனிக்கக்கூட மாட்டோம், பிள்ளை அங்கே நின்றுவிடும். செய்தித்தாளின் ஒல்லிப் பத்திகளில் இது நிறைய, அதனால்தான் சிறுவர் இணைப்பிதழை வெட்டி அப்படியே சுவரில் ஒட்டினால் எல்லாப் பிள்ளைகளாலும் வாசிக்க முடிவதில்லை.

அடுத்தது ஒலி. 'கண்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க, ஒலியோ மூன்று மாதிரி. நமக்கு இது தொந்தரவாகத் தெரியாததற்குக் காரணம் அந்தச் சொற்கள் ஏற்கெனவே காதில் இருப்பதுதான். காதில் விழாத சொல்லாக இருந்தால் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் வாய் தடுமாறும். சொல் பிள்ளையின் ஊரில் புழங்குகிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் பக்கம் வரப்பு, களத்துமேடு, மோட்டார் கொட்டகை எல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுக்காமல் வாசிக்கும். 'பூங்காவில் ஊஞ்சல் சறுக்குமரம்' என்று வந்தால் சறுக்குமரத்தில் சறுக்கிவிடும்.

அப்புறம் படம். படம் கதையைச் சொன்னால் நல்லது, முழுக்கதையையும் படமே சொல்லிவிட்டால் பிள்ளை எழுத்துப் பக்கமே போகாது. வாசிக்கிறதா, படத்தைப் பார்த்துச் சொல்கிறதா என்று சந்தேகம் வந்தால் கையால் படத்தை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

5. பேச்சுத்தமிழ்ல எழுதின கதை கொடுக்கலாமா? எழுத்து கெட்டுப்போயிடாது?

கெட்டுப்போகாது. வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறு என்பதைத் தமிழ்ப் பிள்ளை முதல் வகுப்பிலேயே சந்திக்கிறது. அந்த வாசற்படியைத் தாண்ட ஒரு கைப்பிடி வேண்டும். கதையின் ஓட்டம் எழுத்துத்தமிழிலும், பாட்டியும் பேரனும் பேசிக்கொள்வது பேச்சிலும் இருக்கும் புத்தகம் என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்கிறது.

முழுக்க முழுக்கப் பேச்சிலேயே எழுதிய புத்தகத்தைத் தொடக்க வாசகருக்குக் கொடுக்க நான் தயங்குவேன். ஒழுக்கப் பிரச்சினை எதுவும் இல்லை, பேச்சை அச்சில் எழுத எல்லாரும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டுவதில்லை என்பதுதான் காரணம். 'போய்ட்டு', 'போயிட்டு', 'போயிட்டூ' என்று ஒரே சொல் மூன்று கோலத்தில் வரும். வேற்று மாவட்டத்து வட்டார வழக்காக இருந்தால் அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

6. அஞ்சாங்கிளாஸ்ல ஒரு பையன், எழுத்தே சரியாத் தெரியல. ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்தைக் கொடுத்தா அவமானப்படுறான். என்ன செய்ய?

அதிகம் வரும் கேள்வி இது. அவன் அவமானப்படுவது நியாயம். பத்து வயதுப் பையனுக்கு முயல்குட்டி கேரட் தின்ற கதையைக் கொடுத்தால், அதுவும் பக்கத்து பெஞ்சில் இருப்பவன் பார்க்கும்படி கொடுத்தால், அவன் புத்தகத்தை வெறுக்காமல் என்ன செய்வான்? அவனுக்குத் தேவை, விஷயம் பத்து வயதுக்கும் எழுத்து ஆறு வயதுக்கும் இருக்கும் புத்தகம். அப்படித் தமிழில் அச்சாகி வருவது குறைவு, ஆகவே நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

நான் செய்வது இது. அவனையே பேசவிடுவேன். 'நேத்து என்னடா பண்ண?' என்று கேட்டால் டிராக்டரில் ஏறியது, கிணற்றில் குதித்தது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று ஏதாவது சொல்வான். அதை ஆறேழு சிறு வாக்கியமாக, அவன் சொன்ன சொல்லிலேயே, ஒரு சார்ட்டில் எழுதி, மேலே அவன் பெயரைப் போட்டுக் கொடுத்தால் அதுதான் அவனுடைய முதல் புத்தகம். சொற்கள் அவன் வாயிலிருந்து வந்தவை என்பதால் 4-ஆவது பதிலில் சொன்ன ஒலிச் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. மனப்பாடமாகச் சொல்கிறானா என்ற சந்தேகம் வரும். வாக்கியங்களைத் தனித்தனிக் கீற்றுகளாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். இது போக பஸ் போர்டு, கடைப் பலகை, ஊர்த் திருவிழா நோட்டீஸ், கபடிப் போட்டி நோட்டீஸ் எல்லாம் வாசிப்புப் பொருள்தான். திருவிழா நோட்டீஸில் அவன் மாமா பெயர் இருந்தால் தேடிக் கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொரு உபாயம்: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் வேலையை அவனிடம் கொடுங்கள். அப்போது அவன் கையில் சின்னப் புத்தகம் இருப்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கிறது. முந்தைய நாளே நாலு தடவை வாசித்துப் பழகிவிட்டு வருவான். ஈராசிரியர் பள்ளிகளில் எல்லா வகுப்பும் ஒரே ஹாலில் இருப்பதால் இது இன்னும் சுலபம்.

7. காமிக்ஸ் கொடுக்கலாமா? அது படிப்பா?

படிப்புதான். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸை ஒளித்து ஒளித்துப் படித்தவர்கள்தான் இன்று நம்மில் பாதிப் பேர் ஆசிரியர்களாக உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் ஒரு எச்சரிக்கை. காமிக்ஸ் என்றாலே சுலபம் என்று நினைத்துச் சிரமப்படும் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். பலூனுக்குள் எழுத்து பொடியாக இருக்கும், இடம் பற்றாமல் சொற்களை நெருக்கியிருப்பார்கள், மொழியும் பல சமயம் பழைய தூயதமிழ் பாணியில் இருக்கும். துப்பாக்கி, கொலை வரும் சாகசக் கதைகளை ஆறாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

8. மொழிபெயர்ப்புப் புத்தகம்தான் மலிவா, அழகா கிடைக்குது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வாங்கும் முன் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். நீங்களே மூச்சுவாங்கினால் பிள்ளை வாங்காதா? நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் புத்தகங்களில் அருமையான தமிழும் இருக்கிறது, வாக்கியம் தலைகீழாக நிற்பதும் இருக்கிறது. பதிப்பகத்தின் பெயரைப் பார்த்து மொத்தமாக முடிவு செய்ய முடியாது.

குறிப்பாகப் பெயர்களைப் பாருங்கள். பப்லு, கோபி, தீபக், பிங்கி என்று வந்தால் முதலெழுத்தை எப்படி ஒலிப்பது என்று தமிழ் எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு பிள்ளை 'பப்லு'வைப் பப்பளம் மாதிரி வாசித்து, வகுப்பே சிரித்து, அன்று அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். இப்போதெல்லாம் அப்படிப் பெயர் வந்தால் நான் முதலிலேயே 'இந்தப் பையன் பேரு இப்படி' என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். பனி பெய்யும் ஊர், பார்த்தறியாத தின்பண்டம் எல்லாம் வரலாம், வேற்றூர்ச் சங்கதி தெரியத்தானே புத்தகம். ஒரே பக்கத்தில் ஐந்தாறு வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

9. பீரோ நிறைய பழைய புத்தகம் கிடக்கு. அதையெல்லாம் கொடுக்கலாமா, தூக்கிப் போடலாமா?

முதலில் எழுத்தைப் பாருங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா உட்படப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்திய புத்தகத்தில் 'லை'க்கும் 'னை'க்கும் தும்பிக்கை இருக்கும். சிரமப்படும் பிள்ளைக்கு அது சுவர். சரளமாக வாசிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கோ புதையல். 'டீச்சர், இது என்ன எழுத்து?' என்று கேட்டு, தானே பட்டியல் போட்டுக் கண்டுபிடித்த பிள்ளைகள் உண்டு.

அடுத்து, தகவல் புத்தகங்கள். கோள்கள் ஒன்பது என்று இருந்தால் 2006-க்கு முந்தியது, தெலங்கானா இல்லாத இந்திய வரைபடம் 2014-க்கு முந்தியது, தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்றால் 2019-க்கு முந்தியது (இப்போது 38). இவற்றை வாசிப்பு மூலையில் வைக்காமல் தனியே வைத்து, பெரிய வகுப்பில் 'தப்பைக் கண்டுபிடி' விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். கதைப்புத்தகம் பழசாவதில்லை, அட்டைதான் பழசாகிறது. எதையும் நீங்களாகத் தூக்கிப் போட வேண்டாம். இருப்புப் பதிவேட்டில் இருக்கும், முறையாகக் கழித்துவிடாமல் வெளியே போனால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

10. வாங்கப் பணம் இல்ல. இலவசமா எங்க கிடைக்கும்?

முதலில் பள்ளிக்குள்ளேயே தேடுங்கள். வாசிப்பு இயக்கப் புத்தகங்களும், துறை வெளியிடும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களும் கட்டுப் பிரிக்காமலே கிடக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஸ்டோரிவீவர். 2015-இல் தொடங்கியது, பணம் கட்ட வேண்டாம், உரிமமும் தாராளம். பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்சடிக்கலாம், சொல்லை மாற்றி எளிமைப்படுத்தவும் செய்யலாம். 4-ஆவது பதிலில் சொன்ன நீளச் சொற்களை உடைத்து நீங்களே ஒரு பதிப்புத் தயாரிக்கலாம் என்று அர்த்தம். ஸ்மார்ட் போர்டு இருந்தால் பெரிதாகப் போட்டு வகுப்பே சேர்ந்து வாசிக்கலாம். இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து நடுவில் பின் அடித்தால் போதும், வண்ணம் பிள்ளைகளே அடித்துக்கொள்வார்கள்.

ஊர்க் கிளை நூலகத்தை மறந்துவிடாதீர்கள். உறுப்பினர் கட்டணம் சொற்பம். ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கார்டு எடுத்து வைத்துக்கொண்டால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புத்தகம் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய வகுப்புக்கு தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' சந்தா கட்டுவது நல்ல செலவு.

நன்கொடைப் புத்தகம் வந்தால் மட்டும் ஜாக்கிரதை. பிறந்தநாளுக்குத் தருகிறேன் என்று ஒருவர் ஒரு மூட்டை தந்தார். பிரித்தால் பாதி போட்டித்தேர்வு கைடு, மீதி வாஸ்து. வாங்கிக்கொண்டுதான் ஆகவேண்டியிருந்தது. இப்போது யார் கேட்டாலும் பத்துத் தலைப்பு எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

11. கதையை ஜெராக்ஸ் போட்டு வகுப்புக்குக் கொடுத்தா கேஸ் ஆகுமா?

நான் வக்கீல் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை உரிமை மீறலாகக் கருதவில்லை. பாடப் பக்கங்களைப் படியெடுத்துக் கொடுத்த கடைமீது பதிப்பகங்கள் போட்ட டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கிலும் 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் படியெடுப்பவர் பக்கம்தான் நின்றது. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் உரிமையே இல்லை, நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கும் பயமில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சிறார் நூல் போடும் தமிழ்ப் பதிப்பகங்கள் பல சின்னக் கடைகள். நாற்பது ரூபாய்ப் புத்தகத்தை முழுசாக ஜெராக்ஸ் எடுத்தால் செலவு கிட்டத்தட்ட அதேதான் வரும், படம் மட்டும் கறுப்பாக இருக்கும். ஒரு கதை, நாலு பக்கம் என்றால் படியெடுங்கள், முழுப்புத்தகம் வேண்டுமென்றால் வாங்கிவிடுங்கள்.

12. பேய், சாவு, சாதி, மதம் இதெல்லாம் வர்ற கதையைத் தவிர்த்துடணுமா?

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பேய்க்கதைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். படிக்கவே மாட்டேன் என்கிறவனும் பேய்க்கதை என்றால் எழுத்துக்கூட்டியாவது முடித்துவிடுவான். மூன்றாம் வகுப்பு வரை மட்டும் நான் தவிர்க்கிறேன், ராத்திரி வீட்டில் தூங்காவிட்டால் காலையில் அம்மா வந்து நிற்பார். சாவு வரும் கதையை ஒளிக்கத் தேவையில்லை, தாத்தாவை இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தனியே கையில் கொடுத்து அனுப்பாமல் நாம் வாசித்துக் காட்டிப் பேசலாம்.

நான் ஒதுக்குவது வேறு ரகம். கறுப்பாக இருப்பவனைக் கெட்டவனாக்குவது, குண்டுப் பையனை வைத்துச் சிரிக்க வைப்பது, திக்குவாயைக் கிண்டல் செய்வது, ஒரு சாதியின் தொழிலை இளக்காரமாகச் சொல்வது. இவை 'நீதிக்கதை' என்ற பெயரில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், கடைசிப் பக்கம் வரை படித்தால்தான் சிக்கும். முழுதாக வாசிக்காத எந்தப் புத்தகத்தையும் வகுப்பில் வைப்பதில்லை என்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். பதினாறு பக்கம் படிக்க ஐந்து நிமிடம் ஆகுமா? சாதிக் கொடுமையைப் பேசும் நல்ல கதையை ஏழு, எட்டாம் வகுப்பில் மறைப்பது சரியில்லை என்பது என் கருத்து, தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது புத்திசாலித்தனம். மதத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வி: பீரோவில் எல்லாப் பண்டிகையும் இருக்கிறதா, ஒன்றே ஒன்று மட்டும் இருக்கிறதா?

13. வீட்ல தெலுங்கு, இந்தி பேசுற புள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கு என்ன கொடுக்க?

திருப்பூர்ப் பக்கம் பீகார், ஒடிசா பிள்ளைகள், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும். கதை ஒன்றாகவும் மொழி இரண்டாகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டோரிவீவரில் ஒரே கதை இந்தி, ஒடியா, தெலுங்கு, தமிழ் என்று கிடைக்கும், இரண்டையும் அச்சடித்துப் பக்கம் பக்கமாக வைக்கலாம். தாய்மொழியில் படிக்கத் தெரியாத பிள்ளை என்றால் அம்மாவையோ அண்ணனையோ கதையை அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். கதை தெரிந்த பிறகு தமிழ்ப் புத்தகம் அவ்வளவு பயமுறுத்தாது. இந்தப் பிள்ளைகளுக்கு 2-ஆவது பதிலில் சொன்ன ஐம்பது சொல் கணக்கைப் போடாதீர்கள். காதில் இல்லாத மொழிக்கு அந்த அளவுகோல் அநியாயம்.

14. எந்தப் புத்தகம் கொடுத்தாலும் ஒரு பொண்ணு தலைவலிங்கிறா. சோம்பேறித்தனமா?

முதலில் கண்ணைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். என் வகுப்பில் ஒருத்திக்கு நான்கு மாதம் புத்தகத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன், கடைசியில் கண்ணாடி போட்டதும் பீரோவையே காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். அந்த நான்கு மாதம் என் தப்பு. எழுத்தே ஆடுகிறது, வரி தாவுகிறது என்று பிள்ளை சொன்னால் பெரிய எழுத்து, அகலமான வரி இடைவெளி உள்ளதைக் கொடுத்து, வரிக்குக் கீழே ஒரு ஸ்கேலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்காக இருக்கும் சிறப்பாசிரியரிடம் சொல்ல வேண்டியதுதான்.

15. ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுக்குறாங்க. தடுக்கணுமா?

தடுக்காதீர்கள். பத்தாவது முறை வாசிக்கும்போதுதான் சரளம் வருகிறது. அதே மாதிரி இன்னொரு புத்தகத்தை அதன் பக்கத்தில் சும்மா வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். யானைக் கதை என்றால் இன்னொரு யானை.

16. கிழிஞ்சா, தொலைஞ்சா யார் பொறுப்பு? அதனாலதான் சார் பூட்டியே வச்சிருக்கோம்.

மற்றப் பதினைந்து கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்கு என்பதுதான், நம் பீரோக்களோ இன்னமும் பூட்டோடு நிற்கின்றன. தொலைவது வேறு, தேய்ந்து கிழிவது வேறு. தேய்மானத்தைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஆண்டுக்கு ஒருமுறை குறித்துவைத்தால் போதும். மேலாய்வுக்கு வந்த யாரும் என்னிடம் கிழிந்த புத்தகத்தைக் காட்டிக் கோபப்பட்டதில்லை. தொலையாமல் இருக்க ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, பிள்ளையின் பெயர், புத்தகம், திரும்பி வந்ததா. அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதுகிறார்கள், நம்மைவிடக் கறாராக.

கிழிந்ததை ஒட்ட செல்லோ டேப் வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பிசுபிசுத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மைதாப் பசை, கூடவே பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம், அதைக் காய்ச்சுவதும் தடவுவதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் வெள்ளைத்தாளைக் கீற்றாக நறுக்கிக் கொடுப்பார்கள், நாம் ஒட்டியது காய்ந்ததும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுத் தலைப்பை எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இதற்கென்று வைத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அட்டை போட உட்கார்ந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், போன வாரம் இரண்டே புத்தகம்தான் முடிந்தது.